ராயபுரம் வீட்டில் சிவப்பு ஓரம் போட்ட கறுப்புப் பூச்சி: ரைனோகோரிஸா, ட்ரையட்டோமாவா?

கல்மண்டபம்_செல்வி:

வணக்கம். ராயபுரத்தில் கல்மண்டபம் பக்கம் எங்கள் வீடு. மாமனாரின் தாத்தா கட்டியது. சுண்ணாம்புச் சுவர், மரச்சட்டம் போட்ட மெட்ராஸ் டெரஸ் கூரை. ஒரு பக்கச் சுவரை ஒட்டினாற்போல் ஒரு கிடங்கு இருக்கிறது. அதில் பழைய மீன்வலை, நைலான் கயிறு, மரப்பெட்டி எல்லாம் அடுக்கிக் கிடக்கின்றன. எலிக்குப் பஞ்சமே இல்லை.

மாமியார் அந்தச் சுவரோரம்தான் படுப்பார். வியாழக்கிழமை விடியற்காலையில் எழுந்தால் முழங்கைக்குக் கீழே நல்ல வீக்கம், நடுவில் ஒரு சின்னப் புள்ளி, தாங்க முடியாத அரிப்பு. ராத்திரி எதுவும் கடித்ததாகவே தெரியவில்லை என்கிறார். தலையணையைத் தூக்கினேன், அடியில் இந்தப் பூச்சி. விரற்கடை நீளம் இருக்கும். கறுப்பு உடம்பு, வயிற்றைச் சுற்றி ஆரஞ்சும் சிவப்பும் கலந்த ஓரம். தட்டையாக இருந்தது, வேகமாக ஓடியது. ஊறுகாய் பாட்டிலால் மூடிப் பிடித்துவிட்டேன்.

போனில் இருக்கும் பூச்சி ஆப் முதல் படத்துக்கு ரைனோகோரிஸ் மார்ஜினேட்டஸ் என்றது, விவசாயிகளின் நண்பன் என்றும் எழுதியிருந்தது. இரண்டாவது படத்துக்கு ட்ரையட்டோமா ருப்ரோஃபாசியேட்டா, ரத்தம் குடிக்கும் பூச்சி என்றது. ஒரே பூச்சிதான், ஒரே பாட்டில்தான்! இரண்டு படங்களையும் இங்கே போட்டிருக்கிறேன். இதற்குள் சொந்தக்காரர் ஒருவர் வாட்ஸ்அப்பில், இந்தப் பூச்சி கடித்தால் சில வருஷத்தில் இதயம் வீங்கிச் செத்துப்போவார்கள் என்று அனுப்பிவிட்டார். மாமியார் அன்றிலிருந்து கட்டிலில் படுக்காமல் நாற்காலியிலேயே உட்கார்ந்து தூங்குகிறார்.

இது எந்தப் பேரினம் என்று எப்படி உறுதியாகத் தெரிந்துகொள்வது? பூச்சி இன்னும் பாட்டிலில்தான் இருக்கிறது. நல்ல பூச்சி என்றால் கொல்ல மனமில்லை.

மண்ணடி_பாபு:

அக்கா, பக்கத்தில் இலவமரமோ பூவரசோ இருக்கிறதா? சிவப்பும் கறுப்புமாக இருந்தால் பருத்திச் செடியில் வருமே, அந்தச் சிவப்பு நாவாய்ப்பூச்சியாக இருக்கலாம். அது விதைச் சாற்றைத்தான் குடிக்கும், ஆளை ஒன்றும் செய்யாது. எங்கள் பள்ளிக்கூட மரத்தடியில் கூட்டம் கூட்டமாகக் கிடக்கும்.

லேப்_ஞானம்:

செல்வி, முதலில் மாமியார் விஷயம். கடித்த இடத்தை சோப்புப் போட்டுக் கழுவுங்கள், சொறிய விடாதீர்கள், ஐஸ் ஒத்தடம் கொடுங்கள். உதடோ முகமோ வீங்கினால், உடம்பு முழுக்கத் தடிப்பு வந்தால், மூச்சு இழுத்தால், தலை சுற்றினால் யோசிக்காமல் ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். ட்ரையட்டோமா கடியில் உண்மையான ஆபத்து இந்த ஒவ்வாமைதான். வெளிநாடுகளில் சிலருக்குத் தீவிரமாகவே வந்திருக்கிறது. இரண்டாவது கடி முதல் கடியைவிட மோசமாக இருக்கலாம். அதனால் அவர் அந்தச் சுவரோரம் படுக்க வேண்டாம். நாற்காலியும் வேண்டாம், வயதானவர். கட்டிலை நடு அறைக்கு இழுத்துப்போட்டு, கொசுவலை கட்டி, அதன் ஓரத்தை மெத்தைக்கு அடியில் செருகிவிடுங்கள்.

இனி பூச்சி. நான் வடசென்னையில் ஒரு கல்லூரியின் விலங்கியல் லேபில் பல வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். மாணவர்கள் சேகரித்துக் கொண்டுவரும் பூச்சிகளை ஊசி குத்தி, லேபிள் ஒட்டி, பெட்டியில் அடுக்குவது என் வேலை. சிவப்பு ஓரம் போட்ட கறுப்பு நாவாய்ப்பூச்சி வந்தால் எல்லோரும் நிறத்தை வைத்துத்தான் பெயர் சொல்வார்கள். உங்கள் ஆப் செய்ததும் அதுதான். முதல் படம் மேலிருந்து எடுத்தது. அதில் நிறத்தைத் தவிர பெரிதாக ஒன்றும் தெரியவில்லை.

இந்த விஷயத்தில் நிறத்தை நம்பவே கூடாது. காரணம் ரைனோகோரிஸ் மார்ஜினேட்டஸே. அதன் வயிற்று ஓரம் முழுச் சிவப்பாகவும் இருக்கும், முழுக் கறுப்பாகவும் இருக்கும், சிவப்பில் கறுப்புப் பட்டை போட்டும் இருக்கும். மூன்றும் ஒரே சிற்றினம். பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியில் டன்ஸ்டன் அம்புரோஸ் என்ற பேராசிரியர் வாழ்நாள் முழுக்க இந்த ரெடுவிட் பூச்சிகளோடு, அதாவது கொலையாளிப் பூச்சிக் குடும்பத்தோடு இருந்தார். இந்த மூன்று நிற வடிவங்களையும் தனித்தனியாக வளர்த்து ஆராய்ந்தவர்கள் அவருடைய குழுவினர். ரைனோகோரிஸ் குமாரி என்ற சிற்றினத்துக்கு 1986-ல் லிவிங்ஸ்டனோடு சேர்ந்து பெயர் வைத்ததும் அவர்தான். தென்னிந்தியாவில் இந்தக் குடும்பத்தைப் பற்றி நமக்குத் தெரிந்ததில் பெரும்பங்கு அந்த லேபிலிருந்து வந்தது. நம் மாநிலத்திலேயே இப்படி ஒரு வேலை நடந்திருப்பது பலருக்குத் தெரியாமல் போனதில் எனக்கு வருத்தம் உண்டு.

சரி, நிறம் வேண்டாம் என்றால் எதைப் பார்ப்பது? பூச்சியைப் புரட்டிப்போட்டு அலகைப் பாருங்கள். தலைக்கு அடியில் மடங்கிக் கிடக்கும் உறிஞ்சுகுழலைத்தான் சொல்கிறேன்.

பாபு தம்பி சொன்ன பருத்திப் பூச்சிக்கு அலகில் நான்கு கணுக்கள். மெல்லியதாக, நீளமாக, மார்பைத் தாண்டிக் கால்களுக்கு நடுவே ஓடும். ரெடுவிட் குடும்பத்துக்கு வெளியே தெரிவது மூன்று கணுக்கள், நீளமும் குறைவு. நான்கு கணு இருந்தால் பேச்சு அங்கேயே முடிந்தது.

மூன்று கணு இருந்தால், அது நேராக இருக்கிறதா, வளைந்திருக்கிறதா என்று பக்கவாட்டில் பாருங்கள். புழு பூச்சிகளைக் கொன்று தின்னும் ரெடுவிட்களுக்கு அலகு தடித்து, அரிவாள் மாதிரி வளைந்து, தலைக்கும் அதற்கும் நடுவே தெளிவான இடைவெளி விட்டிருக்கும். ரைனோகோரிஸ் இந்த வகை. ரத்தம் குடிக்கும் ட்ரையட்டோமாவுக்கு அலகு ஒல்லியாக, நேராக, தலையின் அடிப்பக்கத்தோடு ஒட்டிக் கிடக்கும். இந்த ஒரு அடையாளம் போதும், துணைக்குடும்பம் தெரிந்துவிடும். உங்கள் இரண்டாவது படத்தில் பூச்சி கண்ணாடியில் ஏறும்போது அடிப்பக்கம் கொஞ்சம் தெரிகிறது. நேராக இருப்பதாகத்தான் எனக்குப் படுகிறது. ஆனால் படம் கலங்கலாக இருப்பதால் நீங்கள் லென்ஸில் பார்த்துச் சொன்னால் நல்லது.

அடுத்தது உணர்கொம்பு எந்த இடத்தில் முளைக்கிறது என்பது. முத்தப் பூச்சி என்று உலகம் சொல்லும் ட்ரையட்டோமினே துணைக்குடும்பத்தில் பேரினங்களைப் பிரிக்கும் முதல் அடையாளம் இதுதான். கண்ணுக்கு வெகு அருகில் முளைத்தால் பான்ஸ்ட்ராஞ்சைலஸ். தலையின் நுனிக்குப் பக்கத்தில் முளைத்தால் ரோட்னியஸ். இரண்டுக்கும் நடுவில் என்றால் ட்ரையட்டோமா. முதல் இரண்டும் அமெரிக்கக் கண்டங்களின் பூச்சிகள், இங்கே வர வழியில்லை. இருந்தாலும் பார்த்துப் பழகிக்கொள்ளுங்கள், கண் பழகும்.

இந்தியாவில் இன்னொன்றையும் ஒதுக்கியாக வேண்டும். லின்ஷ்கோஸ்டியஸ் என்ற பேரினம் உலகத்திலேயே இந்தியாவில் மட்டும்தான் இருக்கிறது. 1904-ல் டிஸ்டண்ட் என்ற பூச்சியியலாளர் விவரித்தது, இதுவரை ஆறு சிற்றினங்கள். அதுவும் ட்ரையட்டோமினேதான், நேரான அலகுதான். வித்தியாசம் முன்கால்களுக்கு நடுவில் இருக்கிறது. ட்ரையட்டோமாவுக்கு அங்கே, மார்பின் அடியில், நீளவாக்கில் ஒரு குறுகிய பள்ளம் உண்டு, பள்ளத்துக்குள் நுண்ணிய குறுக்கு வரிகள். பூச்சி மிரண்டால் அலகின் நுனியை அந்த வரிகளில் உரசிக் கீச்சென்று ஒலி எழுப்பும். லின்ஷ்கோஸ்டியஸுக்கு அலகு குட்டை, மார்பை எட்டாது, பள்ளமும் கிடையாது.

கடைசியாக அளவும் மேல்பரப்பும். ட்ரையட்டோமா ருப்ரோஃபாசியேட்டா வளர்ந்தால் ஏறக்குறைய 20 முதல் 25 மில்லிமீட்டர் இருக்கும். தலையும் முன்மார்புத் தகடும் வழுவழுப்பாக இருக்காது, நுண்ணிய குருணைகள் நிறைந்து சொரசொரப்பாகத் தெரியும். முன்மார்பின் ஓரத்திலும் அந்த ஆரஞ்சுச் சிவப்பு வரும்.

பூச்சியைக் கையால் தொடாதீர்கள். பாட்டிலை ஒரு ராத்திரி ஃப்ரீசரில் வைத்தால் செத்துவிடும். பிறகு கைகளுக்குப் போடும் சானிடைசரில் போட்டு வையுங்கள். ஒரு துண்டுச் சீட்டில் ஊர், தேதி, நேரம், எங்கே கிடைத்தது என்று பென்சிலால் எழுதி உள்ளேயே போடுங்கள். பேனா மை கரைந்துவிடும். இந்தச் சீட்டு இல்லாவிட்டால் பின்னால் யாருக்கும் இந்தப் பூச்சி பயன்படாது.

கல்மண்டபம்_செல்வி:

ஐயா, ரொம்ப நன்றி. மாமியாருக்கு வீக்கம் வடிந்துவிட்டது, அரிப்பு மட்டும் இருக்கிறது. நேற்றிலிருந்து நடு அறையில் வலைக்குள் தூங்குகிறார்.

மாமனார் ஸ்டாம்பு சேர்த்தவர், அவருடைய லென்ஸ் இருந்தது. ஃப்ரீசரில் வைத்து எடுத்து, வெள்ளைத் தட்டில் மல்லாக்கப் போட்டு மகளும் நானும் பார்த்தோம். அலகு நேர்தான், தலைக்கடியில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. கணு மூன்று எண்ண முடிந்தது. உணர்கொம்பு கண்ணிலிருந்து கொஞ்சம் தள்ளி, தலை நுனிக்கும் கண்ணுக்கும் ஏறக்குறைய நடுவில் இருக்கிறது. முன்கால்களுக்கு நடுவில் பள்ளம் இருக்கிறது. அலகின் நுனி அதற்குள்தான் முடிகிறது. உள்ளே வரி இருக்கிறதா என்று இந்த லென்ஸில் தெரியவில்லை. முதுகுத் தகடு மணல் ஒட்டினாற்போல் சொரசொரப்பு. ஸ்கேல் வைத்து அளந்தோம், 22 மில்லிமீட்டர்.

மகள் ஏழாவது படிக்கிறாள். சீட்டை அவள்தான் எழுதிப் போட்டாள். வாட்ஸ்அப்பில் வந்த இதய நோய் விஷயம் மட்டும் சொல்லுங்கள், வீட்டில் எல்லோருக்கும் அந்தப் பயம்தான்.

லேப்_ஞானம்:

மகளுக்கு என் பாராட்டைச் சொல்லுங்கள். நீங்கள் இருவரும் பார்த்துச் சொன்னதில் சந்தேகத்துக்கு இடமில்லை. நேரான மூன்று கணு அலகு, நடுவில் உணர்கொம்பு, மார்பில் பள்ளம் எல்லாம் சேர்ந்தால் பேரினம் ட்ரையட்டோமா. சொரசொரப்பு, அளவு, ஓர நிறம், பழைய துறைமுகப் பகுதியில் எலி உள்ள வீடு எல்லாவற்றையும் சேர்த்தால் சிற்றினம் ருப்ரோஃபாசியேட்டா. கடி தெரியாமல் போனதும் பொருந்துகிறது. ரத்தம் குடிக்கும் பூச்சிக்கு ஆளை எழுப்பாமல் குடிப்பதுதான் பிழைப்பு. ரைனோகோரிஸ் கடித்திருந்தால் மாமியார் அந்த நிமிடமே அலறி எழுந்திருப்பார், அவ்வளவு வலி.

இதய நோய் என்று வந்த செய்தி சாகஸ் நோயைப் பற்றியது. அது ட்ரிப்பனோசோமா குரூஸி என்ற ஒட்டுண்ணியால் லத்தீன் அமெரிக்காவில் வருவது. கார்லோஸ் சாகஸ் 1909-ல் பிரேசிலில் கண்டறிந்தார். அங்கேயும் கடியால் நேராகப் பரவுவதில்லை. பூச்சி குடித்துக்கொண்டே கழியும் கழிவு புண்ணிலோ கண்ணிலோ வாயிலோ பட்டால்தான் தொற்றும். அந்த ஒட்டுண்ணி நம் நாட்டு ட்ரையட்டோமாக்களில் சுற்றி வரவில்லை. உங்கள் மாமியாருக்கு அந்த நோய் வராது. இதை அவரிடம் தைரியமாகச் சொல்லுங்கள்.

இந்தப் பூச்சிக்கும் நம் ஊருக்கும் ஒரு பழைய தொடர்பு இருக்கிறது. சென்ட்ரலுக்கு எதிரே இருக்கும் ஜி.எச்.சில், அதாவது அரசு பொது மருத்துவமனையில், சார்லஸ் டோனவன் என்ற மருத்துவர் 1903-ல் காலா அசார் என்ற கருங்காய்ச்சல் நோயாளிகளின் மண்ணீரலில் ஒட்டுண்ணியைக் கண்டார். லீஷ்மேனியா டோனவானி என்ற பெயர் அப்படி வந்தது. அந்த நோயை எது பரப்புகிறது என்று அவர் தேடியபோது சந்தேகப்பட்டது இந்தப் பூச்சியைத்தான். அப்போது இதன் பேரினத்தை கொனோரைனஸ் என்று எழுதுவார்கள். சந்தேகம் சரிவரவில்லை. மணல் ஈதான் காரணம் என்று சுவாமிநாத், ஷார்ட், ஆண்டர்சன் மூவரும் 1942-ல் மனிதர்களில் நிரூபித்தார்கள். ஆனால் டோனவன் தேடலில் வேறொன்று கிடைத்தது. இந்தப் பூச்சியின் குடலில் வாழும், எலிக்கும் இதற்கும் நடுவே சுற்றும் ஒரு ட்ரிப்பனோசோமா. 1909-ல் அவர் விவரித்த அது இன்று ட்ரிப்பனோசோமா கொனோரைனி என்று வழங்குகிறது. மனிதருக்கு அதனால் நோய் வருவதாகத் தெரியவில்லை. சாகஸ் பிரேசிலில் எழுதிய அதே வருஷம் மெட்ராஸில் இது நடந்தது என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் சிலிர்க்கும்.

எண்ணூர்_கழிமுகம்:

ஞானம் சார், வணக்கம். நான் எண்ணூர், மணலி பக்கம் பூச்சிப் படம் எடுப்பவன். ஆமணக்குச் செடியில் ரைனோகோரிஸ் புழுவைக் குத்தித் தூக்கிக்கொண்டு போவதைப் பலமுறை எடுத்திருக்கிறேன். நீங்கள் சொன்ன வளைந்த அலகு பக்கவாட்டுப் படத்தில் அப்படியே தெரிகிறது. செங்கல்லைப் புரட்டினால் மண்ணையும் செத்த எறும்புகளையும் முதுகில் சுமந்துகொண்டு போகும் இளம்பூச்சி ஒன்றும் கிடைக்கும். அது அக்காந்தாஸ்பிஸ்தானே?

எனக்கு ஒரு கேள்வி. ரத்தம் குடிக்கும் பூச்சியை ஏன் கொலையாளிப் பூச்சிகளின் குடும்பத்தில் வைத்தார்கள்? மூட்டைப்பூச்சியோடு சேர்ப்பதுதானே நியாயம்?

லேப்_ஞானம்:

தம்பி, முதல் கேள்விக்கு ஆம். முதுகில் எறும்புச் சடலங்களை அடுக்கிக்கொள்ளும் இளம்பூச்சி என்றால் அக்காந்தாஸ்பிஸ் என்றே பாருங்கள். வளர்ந்ததும் முதுகுச் சுமை எல்லாம் போய்விடும். அப்போது முதுகில் முள் இருக்கிறதா, இறக்கையில் வெளிர் புள்ளி இருக்கிறதா என்று கவனியுங்கள். கையில் எடுக்க வேண்டாம், நன்றாகக் குத்தும்.

இரண்டாவது கேள்வி அருமையான கேள்வி. உணவை வைத்துப் பிரித்தால் நீங்கள் சொல்வது சரியாகத் தோன்றும். உடம்பமைப்பை வைத்துப் பிரித்தால் வேறு விடை. கண்ணுக்குப் பின்னால் குறுகும் கழுத்து, மூன்று கணு அலகு, மார்பின் அடியில் உரசும் பள்ளம் எல்லாம் ரெடுவிட் குடும்பத்தின் முத்திரைகள். ட்ரையட்டோமாவிடம் அவை அத்தனையும் இருக்கின்றன. மூட்டைப்பூச்சி சைமிசிடே என்ற வேறு குடும்பம், அது தனி வழியில் ரத்தத்துக்கு வந்தது. டி.என்.ஏ. ஆய்வுகளும் இதையே சொல்கின்றன. ஹ்வாங், வைராவ் இருவரும் 2012-ல் வெளியிட்ட ஆய்வில் ரத்தம் குடிப்பவை, பூச்சி பிடித்துத் தின்னும் ரெடுவிட்களுக்கு நடுவிலிருந்தே கிளைத்து வந்தவை என்று தெரிந்தது. புழுவின் உடம்பை உறிஞ்சப் பழகிய பரம்பரை ஒன்று, கூட்டிலும் வளையிலும் தங்கி முதுகெலும்புள்ள பிராணிகளின் ரத்தத்துக்கு மாறியிருக்கிறது.

அதே ஆய்வு இன்னொரு சிக்கலையும் வெளியே கொண்டுவந்தது. உங்கள் அக்காந்தாஸ்பிஸ் இருக்கும் ரெடுவினே துணைக்குடும்பம் ஒரே மூதாதையின் வாரிசுகள் இல்லை. வேறு எதிலும் சேராதவற்றை எல்லாம் அதில் போட்டு வைத்திருந்தார்கள். மொத்தம் 7000 சிற்றினம் அளவுக்கு உள்ள குடும்பம் இது, இன்னும் பிரித்து அடுக்கிக்கொண்டேதான் இருக்கிறார்கள். ஆகவே படங்களுக்குப் பெயர் போடும்போது பேரினம் வரை உறுதியாக எழுதுங்கள். துணைக்குடும்பம் நாளைக்கு மாறலாம்.

ட்ரையட்டோமா என்ற பேரினமே உங்கள் ராயபுரம் பூச்சியை வைத்துத்தான் நிறுவப்பட்டது, செல்வி. டி கீர் என்ற பூச்சியியலாளர் 1773-ல் இதை சைமெக்ஸ் என்ற பேரினத்தில், மூட்டைப்பூச்சியோடு வைத்து விவரித்தார். தம்பி கேட்டதைத்தான் அந்தக் காலத்தில் செய்திருக்கிறார்கள்! லபோர்ட் 1832-ல் தனியே பிரித்து ட்ரையட்டோமாவை உண்டாக்கினார். இன்று அந்தப் பேரினத்தில் ஏறக்குறைய 80 சிற்றினங்கள், பெரும்பாலானவை அமெரிக்கக் கண்டங்களில். அவற்றுக்கெல்லாம் மாதிரி இனம், அதாவது பேரினத்தின் பெயர் கட்டப்பட்டிருக்கும் சிற்றினம், நம் வீட்டுச் சுவரில் இருக்கும் இதுதான். உலகின் வெப்பமண்டலத் துறைமுக ஊர்கள் பலவற்றில் இது காணப்படுவதற்குக் காரணம், கப்பல் எலிகளோடு பயணம் செய்ததுதான் என்பது பெரும்பாலோர் கருத்து.

கல்மண்டபம்_செல்வி:

மாமியாரிடம் படித்துக் காட்டினேன். இதய நோய் வராது என்று கேட்டதும்தான் முகத்தில் தெளிவு வந்தது. ஐயா, இப்போது வீட்டில் என்ன செய்ய வேண்டும்? எலிக்கு மருந்து வைத்துவிட்டால் போதுமா?

லேப்_ஞானம்:

எலியை மட்டும் ஒழித்தால் ஆபத்து கூடும். சாப்பாட்டுக்கு எலி இல்லாமல் போனால் பட்டினி கிடக்கும் பூச்சி மனிதரைத் தேடி வரும். இரண்டையும் சேர்த்துச் செய்ய வேண்டும்.

ராத்திரி விளக்கணைத்துக் கொஞ்ச நேரம் கழித்து டார்ச் அடித்து அந்தச் சுவரையும் கூரைச் சட்டங்களின் இடுக்குகளையும் பாருங்கள். இறக்கை இல்லாத சின்னப் பூச்சிகள் இருந்தால் வீட்டுக்குள்ளேயே பெருகுகிறது என்று பொருள். வளர்ந்த பூச்சியாவதற்குள் ஐந்து பருவம் கடக்கும், அந்த ஐந்திலும் ரத்தம்தான் குடிக்கும். சுவரில் கறுப்பாகவும் வெள்ளையாகவும் வழிந்த கழிவுக் கோடுகள் தெரிகிறதா என்றும் பாருங்கள். ஒன்றுமே இல்லை என்றால் கிடங்கிலிருந்து தனியாக வந்த ஒன்றாக இருக்கலாம்.

விரிசல்களைச் சுண்ணாம்புக் கலவையால் அடையுங்கள். பழைய சுவரில் சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளே தங்கி உதிரும். கிடங்குக்காரரிடம் பேசி, உங்கள் சுவரை ஒட்டிய பெட்டிகளை விலக்கி வைக்கச் சொல்லுங்கள். எலி வளை அங்கேதான் இருக்கும். பூச்சிமருந்து தேவைப்பட்டால் பைரித்ராய்டு வகையை, தெரிந்த ஆட்களை வைத்து இடுக்குகளில் அடியுங்கள். மாமியாரை அன்று வேறு வீட்டில் தங்க வையுங்கள்.

பாட்டிலை எறிந்துவிடாதீர்கள். சாந்தோமில் இந்திய விலங்கியல் அளவாய்வு நிறுவனத்தின் (ZSI) தென்மண்டல மையம் இருக்கிறது. மகள் எழுதிய சீட்டோடு அங்கே கொண்டுபோய்க் காட்டுங்கள். நேரம் ஒத்துவந்தால் நானும் வருகிறேன், தனிச்செய்தியில் சொல்லுங்கள். டார்ச் அடித்துப் பார்த்ததில் இளம்பூச்சி கிடைத்தால் அதையும் தனி பாட்டிலில், தனிச் சீட்டோடு எடுத்து வாருங்கள்.